பிறந்தநாள் விருந்துக்கு உணவகம் பிடிப்பது எப்படி: கோலா சிலாங்கூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்காரிக்கோ வீட்டுக்காரருக்கோ பிறந்தநாள் வந்தால், எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் உணவகத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். பெயர் கிடைத்ததும் பதிந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரியும் கூத்து: வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவருக்கு முன்னால் மாட்டெலும்புச் சாறு ஊற்றிய தட்டு வந்து நிற்கும். சாப்பிட்டு முடிக்கும் முன்பே, அடுத்த ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பில் வந்துவிடும். பெயரைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளை மேசைவிரிப்பும் வரிசையாக வைத்த கரண்டிகளுமாக இருக்கும் கடைகள் நம் வாசலில் இல்லை. ஆற்றங்கரையில் கடலுணவு சாப்பிடலாம், இல்லாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போகலாம். இரண்டுமே நல்ல விருந்துதான். இரண்டுக்கும் வேறு வேறு தயாரிப்பு வேண்டும்.

1. நாட்காட்டியைப் பாருங்கள்

பிறந்தநாள் வெள்ளியில் விழுகிறதா, சஷ்டியா, அமாவாசையா, தைப்பூச விரதத்துக்குள் வருகிறதா, செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை போகும் புரட்டாசியா என்று பாருங்கள். விரதமென்றால் தேதியைத் தள்ளுங்கள், அல்லது சைவத்துக்கென்று தனி மெனு வைத்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். அசைவ மெனுவில் மீனை எடுத்துவிட்டுக் காளான் வைத்துத் தரும் இடத்துக்கு முழுக் காசு கொடுக்காதீர்கள்.

என் விதி: புதன் அல்லது வியாழன். திங்களில் பல நல்ல உணவகங்களுக்கு விடுமுறை, செவ்வாயில் பலருக்கு விரதம், சனி ஞாயிறில் எங்கும் கூட்டம். பிறந்தநாள் சனிக்கிழமை வந்தால் அன்று வீட்டில் பாயசம் வையுங்கள். விருந்தை வாரத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. திரும்பி வரும் பாதையிலிருந்து தொடங்குங்கள்

மறுநாள் விடிகாலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவரை, தொழிற்சாலையில் காலை ஷிப்ட் இருப்பவரை, இரவு பதினொரு மணிக்கு மேல் சுங்கை பூலோ பக்கம் வண்டியில் தூங்கி விழ வைப்பது விருந்தாகாது. கோலா சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் பக்கத்திலிருந்து டெம்ப்ளர் பார்க் வரை போகிறது. சாலை காலியாக இருந்தால் நகருக்குள் நுழைய ஒரு மணி நேரம் போதும். வேலை முடியும் நேரத்தில் அதை நம்ப வேண்டாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் விடுமுறை எடுக்க முடிந்தால் நகரம், முடியாவிட்டால் ஆற்றங்கரை.

3. மெனுவில் இருக்கும் விலை பில் அல்ல

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதாவது ‘பிளஸ் பிளஸ்’ என்று போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே சேரும். 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக ஏறியபோதும் உணவுக்கு 6-லேயே நின்றது. ஆக, தலைக்கு 200 வெள்ளி என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 232, இருவருக்கு 464. போத்தல் தண்ணீரும் கார் நிறுத்தும் காசும் டோலும் தனி. இதைக் கூட்டிப் பார்த்த பிறகும் மனம் பதறாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பில்லைக் கண்டு முகம் மாறினால் எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

நகரத்தில் எப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள மூன்றைச் சொல்கிறேன். மிச்சலின் வழிகாட்டி 2022 டிசம்பரில் முதன்முறையாகக் கோலாலம்பூர், பினாங்கு பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு நட்சத்திரம் வாங்கிய தேவாக்கான் அடுத்த ஆண்டே இரண்டு நட்சத்திரம் பெற்றது. நம் மண்ணில் விளைவதை வைத்து, சின்னச் சின்னத் தட்டாகப் பல சுற்றுப் பரிமாறும் இடம் அது. 2017-இல் தொடங்கிய நாடோடி, தமிழ்நாடு, கேரளம், இலங்கைச் சுவைகளை அதே பாணியில் தருவது. 2023-இல் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலுக்குள் இடம் மாறியது. மூன்றாவது வகை உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கும் மரினிஸ் போன்றவை. மரினிஸ் இருக்கும் 57ஆம் மாடிக்குப் போகிறவர் ஏழு மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும். இங்கே சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் இறங்கிவிடும். அதற்கப்புறம் போனால் காட்சிக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

பல சுற்றுச் சாப்பாடு மூன்று மணி நேரம் இழுக்கும். பொறுமையில்லாதவரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். பஃபேயும் வேண்டாம்: ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் தட்டோடு வரிசையில் நிற்பார்.

4. போன் போடுங்கள்: எல்லாரும் கோட்டைவிடும் இடம்

செயலியில் பெயரும் நேரமும் தட்டிவிட்டால் பதிவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது மேசையைப் பிடித்ததோடு சரி. விருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பேச வேண்டும். பேச வேண்டிய நேரம் பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில். மதியக் கூட்டம் போயிருக்கும், இரவுக் கூட்டம் வந்திருக்காது, எடுப்பவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும். இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் ‘போலே, போலே’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

*மேசை.* ‘ஜன்னல் ஓரம் கிடைக்குமா’ என்று கேட்காதீர்கள். ‘முயற்சி செய்கிறோம்’ என்றுதான் பதில் வரும். அதற்குக் கிடைக்காது என்று பொருள். ‘எந்த மேசை, அதை இப்போதே என் பெயரில் எழுதிவிட்டீர்களா’ என்று கேளுங்கள். உறுதி தர முடியாது என்றால், சமையலறைக் கதவுக்கும் கழிவறைக்கும் பக்கத்தில் வேண்டாம் என்றாவது சொல்லி வையுங்கள்.

*சுற்று.* மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று, எட்டரைக்கு இன்னொன்று என்று மேசையை இரண்டு முறை ஓட்டும் இடங்கள் உண்டு. எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று நேரடியாகவே கேளுங்கள். தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் மேசையை வைத்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி உயிர்நாடி.

*மாட்டிறைச்சி.* ‘மாடு சாப்பிட மாட்டோம்’ என்றால் அவர்கள் ஸ்டேக்கை மட்டும் எடுத்துவிடுவார்கள். சாறு, வறுத்த கொழுப்பு, இனிப்பில் கலந்த ஜெலட்டின் எல்லாம் அப்படியே வரும். ‘இறைச்சி, எலும்புச் சாறு, கொழுப்பு, ஜெலட்டின், நான்கிலும் மாடு கூடாது, சமயக் காரணம்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். சைவமென்றால் பெலாச்சான், மீன் சாறு, சிப்பிச் சாறு, முட்டை என்று பெயர் சொல்லித் தள்ளுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்குள் இவை நுழைந்துவிடும். துணை முஸ்லிம் என்றால் முதல் கேள்வியே ஹலால் சான்றிதழ் உண்டா என்பதுதான். ‘பன்றி போடுவதில்லை’ என்ற பதில் அதற்கு ஈடாகாது.

*கேக்.* சொந்தக் கேக் கொண்டுவரலாமா, வெட்டிப் பரிமாறக் கட்டணம் உண்டா, குளிர்ப்பெட்டியில் இடம் தருவார்களா, மெழுகுவத்தி ஏற்றலாமா? கோலா சிலாங்கூரில் வாங்கிய கிரீம் கேக், டோல் தாண்டி நகரம் சேர்வதற்குள் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அங்கேயே ஒரு சின்ன இனிப்புத் தட்டில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நம் பெயர்களைக் காதால் கேட்டு எழுதினால் வேறு ஆள் பெயர் ஆகிவிடும்.

*பாட்டு.* ஊழியர்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுவது சிலருக்கு உற்சாகம், சிலருக்குக் கூச்சம். உங்கள் துணை எந்த வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பாட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

*முன்பணம்.* எவ்வளவு, எத்தனை நாளைக்கு முன் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும், தேதியை மாற்றலாமா?

*உடை.* சேலைக்கு எங்கும் தடையில்லை. சிக்கல் ஆண்களுக்குத்தான்: செருப்பும் அரைக்கால் சட்டையும் போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தும் இடங்கள் உண்டு. இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன உடுத்த வேண்டும் என்பதை ரகசியமாக வைக்காதீர்கள். ஏசி குளிருக்கு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போனை வைத்ததும் பேசியதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்புங்கள்: தேதி, நேரம், இருவர், மேசை எண், நான்கிலும் மாடு கூடாது, இனிப்பில் இந்தப் பெயர், பாட்டு வேண்டாம். ‘சரி’ என்று பதில் வந்தால்தான் பதிவு. மூன்று நாள் முன்பு அதே செய்தியைத் திரும்ப அனுப்புங்கள். போன் எடுத்தவர் அன்று விடுப்பில் இருப்பார்.

5. ஆற்றங்கரை என்றால் எடையும் நிலவும்

சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் பாசிர் பெனாம்பாங். அங்குள்ள கடலுணவுக் கடைகளில் மேசை பதிவதோடு ‘தண்ணீர் ஓரம்’ என்றும் சொல்லுங்கள். பெரும்பாலும் சீனர் கடைகள். ஹலால் தேவைப்படுகிறவர்கள் ஜெராம் கடற்கரைப் பக்கம் மலாய்க்காரர் நடத்தும் ஈக்கான் பாக்கார் கடைகளைப் பார்க்கலாம்.

இங்கே தடுக்கி விழும் இடம் தராசு. கெராபு, சியாக்காப், நண்டு, பெரிய இறால் ஆகியவற்றுக்கு விலை பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான். பலகையில் 12 வெள்ளி என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினால் 900 கிராம் மீனுக்கு 108 வெள்ளி வரும். மீனைக் காட்டச் சொல்லுங்கள், எடை போடச் சொல்லுங்கள், மொத்த விலையைக் கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தவுக்கேவுக்கும் அது பழகிப்போன கேள்விதான். துணைக்கு முன்னால் கேட்கப் பிடிக்காவிட்டால் மதியமே போனில் பேசி மீனை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரு மீன், ஒரு நண்டு அல்லது இறால், ஒரு கீரை போதும். முழு நண்டை உடைத்துக்கொண்டு யாரும் அன்பாகப் பேச முடியாது, ஆகவே என் ஓட்டு இறாலுக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போவதுதான் நம் ஊருக்கே உரிய வசதி. பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நிலவு இல்லாத, மழை இல்லாத இரவுதான் அதற்கு நல்லது. ஆனால் நிலவே இல்லாத அமாவாசையில் பல வீடுகளில் மீன் கிடையாது! அதனால் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுகளிலும் இருட்டு போதும், இறாலுக்கும் தடையில்லை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை அடிக்கடி கொட்டும். அப்போது மின்மினியைத் திட்டத்தில் வையுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்.

நேரக் கணக்கு எளிது. ஆறு மணிக்கு மேசை, சூரியன் இறங்கும்போது மீன், ஏழே முக்காலுக்கு எழுந்தால் எட்டரைக்குள் படகு. துடுப்புப் படகில் நான்கு பேர் உட்காரலாம். முழுப் படகையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாள் அல்லவா. பட்டுச்சேலையும் உயரக் குதிகால் செருப்பும் படகுக்கு ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேமரா வெளிச்சத்தை அணைத்து வையுங்கள்.

6. அன்று

கார்டை முன்பே காசாளரிடம் கொடுத்து வையுங்கள். கைப்பேசியை மேசையில் வைக்காதீர்கள். வந்த தட்டு பிடிக்கவில்லையென்றால் உடனே மெதுவாகச் சொல்லி மாற்றுங்கள். வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு வராதீர்கள்.

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள். பாட்டியும் வருகிறேன் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாசிர் பெனாம்பாங்கில் வட்ட மேசை ஒன்றைப் பதிந்துகொள்ளுங்கள், மீனின் எடையைப் பாட்டியே பார்த்துக்கொள்வார், இருவருக்கான விருந்தை வேறொரு புதன்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.