ரப்பர் டக்கி வாங்கப் போகும் தம்பிக்கு



உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஈர மண்ணில் வாழும் குட்டிப் பூச்சிகளான ஆரஞ்சு ஐசோபாட்கள் பத்தை வாங்கி, சில மாதங்களிலேயே டப்பா நிறைய ஆக்கிவிட்டாய். பார்க்கவே மனசு நிறைந்தது. அடுத்ததாக, சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு 'ரப்பர் டக்கி' ஐசோபாட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். இந்த வெயில் காலம் கழியட்டும்.

நானும் ஒரு சித்திரை மாதத்தில்தான் அதை வாங்கினேன். தாய்லாந்தின் சுண்ணாம்புப் பாறைப் பகுதியிலிருந்து வந்த இனம். மஞ்சள் முகத்தோடு மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும்போது வாத்து பொம்மையேதான். ஆறு வாங்கினேன். வெளியே வெயில் கொளுத்தியது. காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தேன். ஈரம் போகாதிருக்க மூடியின் ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்தேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால், ஆறும் மண்ணை விட்டு மேலேறி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் மண்ணுக்குள் பதுங்கிக் கிடக்கும் பிராணி அது. நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்தேன். காற்றுக்குத் தவித்துத்தான் ஏறியிருக்கின்றன என்பது அந்த வாரம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்றைக்கும் அந்தக் காலி டப்பாவில் வேறு எதையும் விட எனக்கு மனம் வரவில்லை.

பூச்சி என்று சொல்லிச் சொல்லி நமக்கு ஒன்று மறந்துபோகிறது. இவை இறால், நண்டு வகையைச் சேர்ந்தவை. கரையேறிய பிறகும் மூச்சு விடுவது வயிற்றடித் தகடுகளால்தான். உன் ஆரஞ்சில் ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்து பார். வால் பக்கத்தில் சின்ன வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதுதான் அதற்கு நுரையீரல். அந்தத் தகடுகள் காய்ந்தாலும் உயிர் போகும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் ஊறிக் கிடந்தாலும் போகும். அதனால் டப்பாவில் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் பாசி வைத்து அங்கே தண்ணீர் விடு. மறுகோடி காய்ந்தாற்போலவே இருக்கட்டும். ஈரமோ காய்ந்த இடமோ, எது வேண்டுமோ அதைத் தேடிப் பிராணியே நடந்து போய்க்கொள்ளும். நடுவில் உள்ள மண்ணுக்குப் பதம் கேட்டாயே, உன் அம்மா புட்டுக்கு மாவு பிசிறும்போது பக்கத்தில் நின்று பார். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். நர்சரியில் கட்டியாக விற்கிற தென்னை நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடு. அதில் உப்பு இருக்கும்.

சாப்பாட்டுக்குக் காய்ந்த இலைதான். கேரட்டும் மீன் தீனியும் எப்போதாவது கொடுக்கும் பலகாரம். மீதியை மறுநாளே எடுத்துவிடு. வாதா மரத்து இலை எனக்குக் கைகொடுத்த அளவுக்கு வேறெதுவும் கொடுத்ததில்லை. ஆனால் தெருவோர மரத்தடியில் பொறுக்காதே. கொசு மருந்துப் புகை அடிக்கிற தெரு என்றால் அந்த இலை விஷம். எறும்புக்கு மருந்து சாக்பீஸ் போடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? டப்பா இருக்கும் அலமாரி பக்கமே அது வரக் கூடாது. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்து, அது போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடோ, முட்டை ஓட்டுத் தூளோ போடு. வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதே, உடம்பு வெந்துவிடும்.

தோல் உரிப்பதை நீ இன்னும் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். சில நாள் ராத்திரி பொறுமையாக உட்கார். சிவப்பு செல்லோபேன் தாளை டார்ச்சில் கட்டிக்கொண்டால் அவ்வளவாக ஓடாது. முன்பாதியின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக மாவு அப்பியது போல் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய ஓட்டிலிருந்த சுண்ணாம்பை உறிஞ்சி அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. முதலில் பின்பாதி கழலும். ஒன்றிரண்டு நாள் அது பாதி புதுசும் பாதி பழசுமாக, இரண்டு பிராணிகளை ஒட்டிவைத்த மாதிரி நடமாடும். அப்புறம் முன்பாதி. உரித்த தோலைத் தானே தின்றுவிடும், எடுத்து வீசிவிடாதே. தாயின் வயிற்றடிப் பையிலிருந்து வெளியே வரும் குஞ்சு வெள்ளை ரவை போல இருக்கும். பெரியதற்குப் பதினான்கு கால்; பிறந்ததற்குப் பன்னிரண்டுதான். லென்ஸ் வைத்து எண்ணிப் பார்.

இதெல்லாம் உன் ஆரஞ்சே உனக்குக் காட்டும். அது பிழை பொறுக்கிற இனம். ரப்பர் டக்கி ஒரு தடவைக்கு ஈனுவது கொஞ்சம், வளர்வதும் மெதுவாக. அதனிடம் பாடம் படித்தால் ஒவ்வொரு தப்புக்கும் ஓர் உயிர் போகும். நிறத்தைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் இந்த வளர்ப்புக்குள் வந்தோம், அதில் தப்பில்லை. பிரான்சின் தென்பகுதியிலிருந்து வந்த கறுப்பு வெள்ளை வரி 'ஜீப்ரா'வை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இன்னொன்று. தோட்டத்தில் பூந்தொட்டிக்கு அடியில் பளீரென்ற நீலத்தில் ஒன்று கிடைத்தால் அரிய வகை என்று நினைத்து டப்பாவில் விட்டுவிடாதே. அது வைரஸ் தாக்கியதாக இருக்கலாம். உடம்பு நீலமாக மினுங்கி, பிறகு செத்துப்போகும். செத்ததை மற்றவை தின்றால் அவற்றுக்கும் ஒட்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும்போது பெரிய கோலி போல உருளுகிற ஒன்றைப் பார்ப்பாய். அது ஐசோபாட் அல்ல, மரவட்டை இனம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடு. அதேபோல, டப்பாவில் பெருகிவிட்டது என்று உன் ஆரஞ்சைத் தோட்டத்தில் கொட்டாதே. மத்தியதரைக் கடல் பக்கத்து உருள்பூச்சி ஒன்று மனிதர்களோடு கப்பலேறிப் போய் இன்று வட அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. மிஞ்சியதை எனக்குக் கொடு, அல்லது கேட்கிற நண்பர்களுக்குக் கொடு.

எங்கள் கொல்லை வாதா மரம் இந்த வருஷம் நன்றாக உதிர்த்திருக்கிறது. மருந்துப் புகை படாத இலை. ஒரு சாக்கு நிறைய அள்ளி வெயிலில் காயவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள். வரும்போது உன் டப்பாவையும் கொண்டுவா, மண்ணின் பதத்தை நான் ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்