சைக்கிள் மோகம்: காசு எங்கே போகிறது?



ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி சகிதம் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் பறக்கும். சிலவற்றின் விலை லட்சத்தைத் தாண்டும். "அடேங்கப்பா, அந்தக் காசுக்கு பைக்கே வாங்கலாமே!" என்று தோன்றும். ஆனாலும் எனக்கும் ஆசை வந்தது. முதல் சம்பளத்தில் ஒரு கியர் சைக்கிள்! வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எதற்கு இந்த விலை?

பெரும்பாலும் எடையைக் குறைக்கத்தான். அப்பாவின் பழைய ஸ்டீல் சைக்கிள் சுமார் 20 கிலோ. கார்பன் இழைச் சைக்கிள் 8 கிலோ அளவில்தான். சர்வதேசப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதியே இருக்கிறது! அதன்மேல் ஷூ, லைட், மீட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

மெக்கானிக்ஸ் சொல்வது என்ன?

ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 85. சமதள ரோட்டில் வேகம் மணிக்கு 20 கி.மீ., அதாவது நொடிக்கு 5.56 மீட்டர். உராய்வு எண் 0.006, காற்றின் அடர்த்தி 1.2, நிமிர்ந்து ஓட்டுபவரின் காற்றுத்தடைப் பரப்பு 0.6 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம்.

உருளும் உராய்வு: 0.006 × 85 × 9.81 = 5 நியூட்டன்.
காற்றுத் தடை: ½ × 1.2 × 0.6 × 5.56² = 11.1 நியூட்டன்.
மொத்தம் சுமார் 16 நியூட்டன்.

இப்போது லட்சம் கொடுத்து 12 கிலோ குறைத்தால் மிச்சம் 0.7 நியூட்டன். நூற்றுக்கு 4 பங்குதான்! கொஞ்சம் குனிந்து ஓட்டி, பரப்பை 0.5 ஆக்கினால் மிச்சம் 1.85. செலவு பூஜ்யம். டயரில் காற்று இறங்கி உராய்வு எண் 0.010 ஆனால் நஷ்டம் 3.3 நியூட்டன். லட்ச ரூபாயில் கிடைத்ததைப்போல் நாலரை மடங்குக்கும் மேல் போச்சு!

ஏற்காடு மலை ஏறுகிறவருக்கு எடை முக்கியம்தான். அவர்கள் செலவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாம்பரம், சேலையூர், வேளச்சேரி எல்லாம் ஏறக்குறைய சமதளம். நம்மைப்போன்றவர்கள் முதலில் பிரேக் கட்டை, பின் லைட், செயின் எண்ணெய் ஆகியவற்றுக்குச் செலவு செய்வதே புத்திசாலித்தனம்.

அப்பா ஆறாவதுவரைதான் படித்தார். பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டைப் பட்டறைக்கு இருபது வருஷம் சைக்கிளில்தான் போனார். தினமும் கிளம்புமுன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். "ஏம்பா, தினமும் இதே வேலையா?" என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் போட்ட கணக்கல்லவா! நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"காத்து அடிக்கணும்னு கண்டுபிடிக்கவா மூணு வருஷம் படிக்கிற?" என்று சிரித்தார்.

கியர் சைக்கிள் ஆசை இன்னும் போகவில்லை, நண்பர்களே. ஆனால் முதல் சம்பளம் வீட்டுக்கு. அதுவரை அப்பாவின் சைக்கிளே போதும். காற்று மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.