பல்லிடுக்கில் ஓர் இயற்பியல்

மாணவர்களே, ஜொகூரில் 1957ஆம் ஆண்டிலேயே குடிநீரில் புளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். ஆனாலும், பல்தூரிகை நுழையாத கடைவாய்ப் பல்லிடுக்கில் சொத்தை விழுவதுண்டு. அங்கே கம்போசிட் பசையை அப்படியே அடைத்தால் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடலாம். ஆகவே, பல் மருத்துவர் இரண்டு பற்களுக்கும் இடையில் மேட்ரிக்ஸ் எனும் மெல்லிய, வளைந்த உலோகத் தகட்டைச் செருகுவார். அதுவே அச்சு.

ஆனால், தகட்டை எடுத்ததும் அதன் தடிப்பளவுக்கு இடைவெளி விழுமே? அதில் உணவு சிக்கினால் ஈறு வீங்கும். மீண்டும் சொத்தை வரலாம். இதற்குத்தான் சிறு ஆப்பும் வில்போல் விரியும் வளையமும். அவை பற்களை மயிரிழையளவு விலக்கிப் பிடிக்கும். நீல ஒளியில் பசை இறுகியபின் எல்லாவற்றையும் கழற்றினால், பல்லைத் தாங்கும் நார்களின் மீள்தன்மையால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும், இடைவெளி மூடும்.

சிந்திக்க: ஆப்பு எவ்வகை எளிய எந்திரம்?