குழல்வாய்மொழி

தென்காசியினின்று மேற்கு நோக்கி மூன்று கல் தொலைவு சென்றால் குற்றாலம் தோன்றும். ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடை வெளியின் வழியே புகுந்து ஊரெங்கும் சாரலைத் தூவும். மலைமுடியில் மேகம் தங்கியிருக்க, பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கிருந்து மீண்டும் பாய்ந்து தரைக்கு வரும். அதன் முழக்கம் கேட்கும் அண்மையில் அமைந்துள்ளது குற்றாலநாதர் திருக்கோயில். சங்கின் வடிவில் அமைந்தமையால் அதனைச் சங்கக் கோயில் என்றும் கூறுவர். ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த திருஞானசம்பந்தர், தலத்திற்கு ஒரு பதிகமும் தலமரமாகிய குறும்பலாவிற்கு ஒரு பதிகமும் பாடினார். மரம் ஒன்றினுக்குத் தனிப் பதிகம் வாய்த்தல் அரிதன்றோ! அக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயரும் அரியதே. குழல்வாய்மொழி என்பது அப்பெயர்.

குழல் என்னும் சொல்லுக்குக் கூந்தல் என்றும் பொருளுண்டு. இசைக்கருவி என்றும் பொருளுண்டு. பூங்குழலி என்னும் பெயரில் நிற்பது கூந்தல். குழல்வாய்மொழியில் நிற்பதோ மூங்கிற்குழல். குழலோசை போன்ற இனிய மொழி 'குழல்மொழி' என்றாகும், இஃது உவமைத்தொகை. அத்தகைய மொழியை வாயிலே உடையாள் என விரியுங்கால், சொல்லில் இல்லாத 'உடையாள்' என்பது புறத்தே வந்து பொருளை நிரப்புகின்றது. ஆதலின், இப்பெயர் உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை எனப்படும். துடியிடை என்பதனை இலக்கண நூலில் படித்த மாணவர் இதனையும் எளிதில் உணர்வர். வடமொழியில் இவ்வம்மையை வேணுவாக்வாதினி என்பர். வேணு என்பது மூங்கிலையும், அதனாற் செய்த குழலையும் குறிக்கும். இரு பெயரும் ஒரு பொருளனவே. எனினும், ஊரார் நாவில் தங்கியது தமிழ்ப் பெயர்தான்.

மலைநாட்டு அம்மைக்குக் குழலை உவமையாகக் கூறுதல் பொருத்தமுடையது. மூங்கில் மலையிலே வளர்வது. வண்டு துளைத்த மூங்கிலின் துளைகளில் மேல்காற்று புகுந்து இசையெழுப்ப, அருவியின் ஓசை முழவாக ஒலிக்க, மயில் ஆட, மந்திகள் வியந்து நோக்கும் காட்சியைக் கபிலர் அகநானூற்றில் தீட்டியுள்ளார். அவர் பாடிய மலை வேறாக இருப்பினும், சாரற் காலத்தில் குற்றாலத்தில் நிற்பவர்க்கு அப்பாட்டு நினைவுக்கு வராமற் போகாது. ஆங்கே மனிதர் எவரும் குழல் செய்யவில்லை, ஊதவுமில்லை. வண்டும் காற்றும் கூடி மலையைப் பேச வைத்தன.

குழலுக்கு இணையான மற்றொரு கருவி யாழ். அதுவும் ஓர் அம்மையின் பெயரில் இடம்பெற்றுள்ளது. கீழைக் கடற்கரையில் உள்ள திருமறைக்காட்டில், இக்காலத்தார் வேதாரணியம் என்னும் ஊரில், அம்மையின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். ஒரு பெயர் குழலுக்கு ஒப்பென்று கூறி நிற்கின்றது. மற்றொன்று யாழையே தாழ்த்தி மேற்செல்கின்றது. இவ்விரு கருவிகளையும் ஒருங்கே எடுத்து, தம் மக்களின் மழலையைக் கேளாதவரே அவற்றை இனியவென்பர் என உரைத்தார் வள்ளுவர். அவர் கருத்தின்படி நோக்கினால், குழல்வாய்மொழி என்பது கோயிலில் உறையும் அம்மைக்கு மட்டுமன்றி, இல்லத்தில் தவழும் குழந்தைக்கும் உரிய பெயரே ஆகும்.

இப்பெயரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர். அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தமிழுலகம் நன்கறியும். பதினெட்டாம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாக நிலம் வழங்க, அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. குழல்வாய்மொழியின் பெயரால் கலிப்பாமாலை, கோமளமாலை என்னும் நூல்களையும் அவர் இயற்றினார். ஆயினும், குறவஞ்சியைப் படித்தோர் பலராக, அம்மாலைகளைப் படித்தோர் சிலராயினர். கவிராயரின் பெயரும் மலையினின்று பிறந்ததே. திரிகூடம் என்பது மூன்று முடிகளையுடைய மலை.

இனி, மக்கட் பெயராக இது எவ்வளவு பரவியது என்பதைக் காண்போம். தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலில் அம்மையின் பெயர் உலகம்மை. பொருநை மலையினின்று இறங்கும் பாபநாசத்திலும் அம்மையின் பெயர் அதுவே. இவ்விரு கோயில்களின் சார்பால், உலகம்மாள் என்னும் பெயர் தென்பாண்டி நாட்டில் வீடுதோறும் வழங்கிற்று. சங்கரன்கோவில் அம்மைக்குக் கோமதி என்றும் ஆவுடையம்மை என்றும் இரு பெயர்கள். 'கோ' என்றாலும் 'ஆ' என்றாலும் பசுவே. இரண்டும் பெண்மக்களுக்கு இடப்பட்டன. அத்வைதப் பாடல்கள் பாடிய செங்கோட்டை ஆவுடையக்காளின் பெயரை இன்றும் பலர் போற்றுவர். குற்றாலநாதரின் பெயரும் ஆடவரிடையே குற்றாலம், குற்றாலிங்கம் எனத் தாராளமாக வழங்கிற்று. அவர் அருகில் வீற்றிருக்கும் அம்மையின் பெயரோ, மிகச் சிலர்க்கே வாய்த்தது.

பெயர் நீண்டது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் குடும்ப வழக்கில் உள்ளது. பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பேத்தி என்பது பெயர்த்தி என்பதன் மரூஉ. பாட்டன், பாட்டியரின் பெயரைத் தாங்குபவர் ஆதலின் அவ்வாறு அழைக்கப்பட்டனர். அந்த முறையால் பழம்பெயர்கள் தலைமுறை தோறும் திரும்பத் திரும்ப வந்தன. ஆயினும், மாமியாரின் பெயரை மருமகள் வாயாற் கூறலாகாது என்பதும் பழைய வழக்கம். பாட்டியின் பெயரைக் குழந்தைக்கு இட்டபின், பெற்ற தாயே அப்பெயரைச் சொல்லி மகளை அழைக்க இயலாது. ஆகவே, பாப்பா என்றோ ராசாத்தி என்றோ அழைத்தாள். உலகம்மாளுக்கும் இதுவே நிலை எனின், தெருவிற்குப் பத்து உலகம்மாள் உண்டு. ஒரு வீட்டில் மறைந்தாலும் மறு வீட்டில் அப்பெயர் ஒலிக்கும். ஊருக்கு ஒரு குழல்வாய்மொழியே இருந்து, அவளும் பாப்பாவாகிவிட்டால், அவள் பேத்திக்கு அப்பெயரை நினைவூட்டுபவர் யார்?

எழுத்திலும் ஓர் இடர் உண்டு. ஏழெழுத்துள்ள இப்பெயரில் ழகரம் இருமுறை வருகின்றது. தென் மாவட்டங்களின் பேச்சு வழக்கில் ழகரம் ளகரமாக ஒலித்தல் இயல்பு. ஆங்கிலத்திலோ ழகரத்திற்கு எழுத்தே இல்லை. ஈரெழுத்துக்களைக் கூட்டி ஒருவாறு குறிப்பர். வெளியூர் அலுவலகம் ஒன்றில் அதனைப் படிப்பவர் தடுமாறுவது இயல்பே. பெற்றோர் இத்துன்பத்தை எண்ணித் தயங்குவதைக் குறை கூறுதற்கில்லை. எனினும், தன் பெயரைத் திருத்தமாகச் சொல்லப் பழகிய ஒரு சிறுமிக்கு ழகரத்தை வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என மொழிபெயர்த்துக் கொண்டார். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், மறைமலை ஆனார். அவர் வழியில் வந்தோர் தம் பெண்மக்களுக்குத் தேன்மொழி, கனிமொழி, கயல்விழி எனப் பெயரிட்டனர். இவற்றைப் புதிய பெயர்கள் என்றே பலர் எண்ணினர். அவற்றின் அமைப்போ புதிதன்று. குழல் இருந்த இடத்தில் தேனையும் கனியையும் வைத்தால் அப்பெயர்கள் பிறந்துவிடுகின்றன. தங்கையரை நாடெங்கும் அறிந்தனர். தமக்கை மட்டும் மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டாள்.

பெயர் பரவுதற்கு நூலும் துணைசெய்வதுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னி, தம் கதைத் தலைவி ஒருத்திக்குப் பமேலா என்று ஒரு பெயரைப் படைத்து வழங்கினார். முழுதும் தேன் என அதற்குக் கிரேக்க மொழிவழிப் பொருள் கூறுவர். நம் தேன்மொழிக்கு அவள் அயல்நாட்டுத் தோழி போலும்! நெடுங்காலம் அரிதாயிருந்த அப்பெயர், ரிச்சர்ட்சன் 1740-இல் எழுதிய புதினத்திற்குப் பின்னரே மக்களிடையே பரவிற்று. தமிழ்நாட்டில் 1950 முதல் வெளிவந்த கல்கியின் பொன்னியின் செல்வன், கோடிக்கரையில் ஓடம் செலுத்திய பூங்குழலியை எல்லோர்க்கும் அறிமுகப்படுத்திற்று. குழல்வாய்மொழிக்கு அத்தகைய பரவலான புகழ் வாய்க்கவில்லை. கவிராயரும் குறவஞ்சியின் தலைவிக்கு வசந்தவல்லி என்றே பெயரிட்டார்.

ஆகவே, இப்பெயர் நிற்பதெல்லாம் கோயில் வழிபாட்டிலும் அந்நாட்டு மக்கள் நாவிலுமே. தென்காசிப் பகுதிப் பள்ளி ஒன்றில் இப்பெயருடைய மாணவி ஒருத்தி இருப்பாளாயின், வீட்டிலும் தெருவிலும் அவள் குழலியாகவோ பாப்பாவாகவோ இருக்கக்கூடும். ஆயினும், காலைதோறும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஏழெழுத்தையும் விடாமல் அப்பெயரை ஒருமுறை படிப்பார். வகுப்பின் ஒரு மூலையிலிருந்து அவளும் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பாள்.