மழையின்றி வரும் வெள்ளம்

குமாரபாளையமும் பள்ளிபாளையமும் நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த நெசவூர்கள். இங்கு வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வருதல் உண்டு. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் பெருமழை காவிரி, கபினி ஆறுகளின் வழியே மேட்டூர் அணையை அடையும். நீர்மட்டம் முழு அளவாகிய 120 அடியை எட்டியதும் மிகுநீர் வெளியேற்றப்படும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில், ஆகஸ்டுத் திங்களில், அந்நீர் கரையோர வீடுகளுட் புகுந்தது.

ஆதலின், எச்சரிக்கை கேட்டவுடன் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டிடத்திற்கு அனுப்புதல் வேண்டும். பின்னர் மின்னிணைப்பை நிறுத்தி, விசைத்தறியின் மோட்டாரைக் கழற்றி, நூலையும் நெய்த துணியையும் உயரத்தில் வைத்தல் நன்று. நிலப்பத்திரம், கணக்கேடு முதலியவற்றை உடன்கொண்டு செல்லல் வேண்டும்.

வானத்தைப் பார்த்து, "மழை இல்லையே!" என்று வாளா இருப்பவர் உடைமையை இழப்பர். மேட்டூர்ச் செய்திக்குச் செவிசாய்ப்பவரின் தறியோ, நீர் வடிந்தபின் மீண்டும் ஓடும்.