தாடையை வெட்டும் முன்



மீனவர் கரையான தேவிபட்டினத்தில் பல் பார்க்கும் உங்களிடம் வரும் ஒரு பள்ளிப் பிள்ளையின் ஓபிஜி எனும் முழுத் தாடை எக்ஸ்ரேயில் தாடையின் இரு பக்கமும் நீர்க்கட்டி தெரிந்தால், கட்டியை விட்டுவிட்டு முதலில் ஆளைப் பாருங்கள். கோர்லினும் கோல்ட்ஸும் 1960இல் விவரித்த சின்ட்ரோமாக அது இருக்கலாம். பாடநூல்கள் தோல் புற்றை முன்னால் வைக்கும். நம் நிறத் தோலில் அது குறைவு என்பதால், தாடைக் கட்டிதான் பல நேரம் முதலில் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கையில் ஊசிமுனைக் குழிகள் உண்டா என்று பாருங்கள். வலைக்கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையில் அவை எளிதில் புலப்படா. சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் எடுப்பாகத் தெரியும். மார்பு எக்ஸ்ரேயில் பிளவுபட்ட விலா எலும்பையும் தேடுங்கள்.

இங்கே நான் வாதிடுவது ஒன்றைத்தான்: இந்தச் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் தாடையை வெட்டி எடுப்பது முதல் சிகிச்சையாக இருக்கக் கூடாது. வெட்டி எடுத்த இடத்தில் கட்டி மறுபடி வருவது மிக அரிது என்பது உண்மையே. ஆனால் இந்தச் சின்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணமான பிடிசிஎச்1 மரபணுவின் பழுது உடம்பு முழுக்க இருக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்தாலும் பல்முளைத் திசுவின் மிச்சம் இருக்கும் வேறெந்த இடத்திலும் புதுக் கட்டி கிளம்பலாம். திரும்ப வந்ததாக எழுதப்படுபவற்றில் சில இப்படிப் புதிதாக வந்தவையே. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இந்தத் தாடைக் கட்டியைப் புற்றல்லாத டியூமர் வரிசையில் சேர்த்து, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி என்றது. பெயரைப் பார்த்துக் கத்தியின் அளவை முடிவு செய்தவர்களுக்கு அது சங்கடம்தான். வளரும் வயதில் கட்டியில் துளையிட்டுக் குழாய் வைத்தால் உள்ளழுத்தம் இறங்கி எலும்பு திரும்ப வளரும், பல்மொட்டும் நரம்பும் பிழைக்கும். சில மாதம் கழித்துச் சுருங்கிய பையைச் சுரண்டி எடுத்து, சுற்றெலும்பையும் மெல்லச் செதுக்குங்கள். சுவரில் ஒளிந்திருக்கும் குட்டிக் கட்டிகளுக்காகவே அந்தச் செதுக்கல். மிச்சத் திசுவைக் கருக்கும் கார்னாய் திரவத்தை நரம்பருகே தாராளமாகப் பூசாதீர்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள், ஒரே தடவையில் முடிப்பதே நல்லது என்பார்கள் சிலர். வெட்டினாலும் மறுபக்கத்தைக் கண்காணித்தே ஆகவேண்டும் என்பதால் அந்த வாதம் நிற்காது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்தக் குடும்பங்களுக்கு ஓபிஜியை அப்போதே வையுங்கள். பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே உடன்பிறந்தவர்களையும் கூட்டி வரச் சொல்லுங்கள். ஓபிஜியின் கதிரளவு சொற்பம்தான். இவர்களுக்கு ஆகாதது கதிர்வீச்சு சிகிச்சை, அது பட்ட தோலில் புற்று கொத்தாகக் கிளம்பும். சிடி ஸ்கேனையும் அறுவைக்குத் தேவைப்படும்போது மட்டும் எழுதுங்கள்.