பழைய பதிப்பை யாரிடமிருந்து எடுப்பது?

ஆர்ச் லினக்ஸில் அப்டேட் போட்டால் எல்லாமே புதுசுக்குத் தாவிவிடும். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பழைய இணையதளம் மட்டும் பி.எச்.பி. 7.4-ஐ விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வழிகள் உண்டு. எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: அடியில் இருக்கும் லைப்ரரி மாறும்போது இதை மறுபடி கம்பைல் செய்யப்போவது யார்?

அதிகாரபூர்வ ரெப்போவில் கிடைத்தால் கவலையே இல்லை. ஜாவா 8, 11, 17, 21 எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக நிறுவிக்கொண்டு, ‘ஆர்ச்லினக்ஸ்-ஜாவா’ கட்டளையால் வேண்டியதற்கு மாறிக்கொள்ளலாம். பி.எச்.பி.க்கும் ‘பி.எச்.பி.-லெகசி’ உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னும் ஆதரவில் இருக்கும் கிளைகளில் பழையதைத்தான் அது தரும். 7.4-க்கு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது.

அடுத்தது ஏ.யூ.ஆர். பயனர்களே ஏற்றிவைக்கும் செய்முறைக் கோப்புகள் அவை; கம்பைல் ஆவது உங்கள் கணினியில். பழைய பதிப்புக்கான பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், தனி இடத்தில் உட்காரும், புதியதோடு மோதாது. தலைவலி பிறகுதான். அது சார்ந்திருக்கும் ஐ.சி.யூ. போன்ற லைப்ரரி அடுத்த பதிப்புக்குப் போனதும் அதன் கோப்பு எண் மாறிவிடும். ரெப்போவில் உள்ளவற்றை ஆர்ச்காரர்களே மறுகம்பைல் செய்து தருவார்கள். ஏ.யூ.ஆரிலிருந்து வந்தது அன்று காலை திறக்காது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நம்பிக்கையும் ஒரு பிரச்சினை. 2018-இல் ஏ.யூ.ஆரில் பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த ‘அக்ரோரீட்’ பேக்கேஜை ஒருவர் தன் பொறுப்பில் எடுத்து, அதில் விஷமமான வரிகளைச் செருகினார். எனவே ‘பி.கே.ஜி.பில்டு’ என்ற அந்தச் செய்முறைக் கோப்பைப் படிக்காமல் நிறுவாதீர்கள்: மூலக்கோப்பு எங்கிருந்து இறங்குகிறது, நிறுவும்போது என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். அதைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஏ.யூ.ஆர். வேண்டாம் என்பது என் கட்சி.

ஆர்ச் காப்பகத்திலிருந்து பழைய பேக்கேஜை இறக்கி, பேக்கேஜ்களை நிறுவும் ‘பேக்மேன்’ கருவியின் அமைப்பில் ‘இக்னோர்’ போட்டு நிறுத்திவைப்பது ஓரிரு நாள் வைத்தியம். அரைகுறை அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதில்லை.

தளத்தைச் சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் டாக்கர் போதும். வெளியே எது மாறினாலும் கன்டெய்னருக்குள் 7.4 அசையாது. பாதுகாப்புத் திருத்தமும் அதற்கு வராது. ஊருக்குத் திறந்துவிட்ட தளம் என்றால் ஆர்ச்சையே விட்டு டெபியன் 11-க்குப் போங்கள். அங்கே இருப்பதே 7.4தான்; எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) குழுவின் திருத்தங்கள் 2026 ஆகஸ்டு வரை உண்டு. தளத்தைப் புதிய பி.எச்.பி.க்கு மாற்றி எழுத அதுவரைதான் அவகாசம்.